தேவாரமும் மெட்டும்: ஏலமலைக் கீழைச் சரிவின் ஊர்ப்பெயர்கள்

தோற்றுவாய்

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்குத் தெற்கே, ஏலமலையின் கீழைச் சரிவை ஒட்டித் தேவாரம் என்னும் பேரூர் அமைந்துள்ளது. சைவத் திருமுறைக்குரிய பெயர் ஓர் ஊருக்கும் பெயராய் வழங்குவது தமிழறிஞர் எவர்க்கும் வியப்பளிக்கத் தக்கது. ஆயினும் மூவர் பாடல்பெற்ற திருப்பதிகளுள் ஒன்றேனும் இவ்வட்டாரத்தில் இல்லை. பாண்டி நாட்டுப் பதினான்கு பதிகளும் மதுரை தொடங்கி நெல்வேலி, குற்றாலம் ஈறாகப் பரந்து கிடப்பினும், வைகையின் மேற்றலை நாடாகிய இப்பள்ளத்தாக்கு அவ்வரிசையுள் இடம்பெறவில்லை. அங்ஙனமாயின் இவ்வூர்ப்பெயர் எவ்வாறு வந்தது? இவ்வினாவை முதலாகக் கொண்டு, மலையடிவாரத்திலும் மலைமேலும் வழங்கும் பெயர்கள் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூல் 1946ஆம் ஆண்டு வெளிவந்த பின்னர், ஊர்ப்பெயராய்வு தமிழ்த்துறைகளில் தனக்கென ஓர் இடம் பெற்றது. எனினும் பெரும்பதிகளுக்கும் தலைநகரங்களுக்கும் கிடைத்த கவனம் மலையடிவாரச் சிற்றூர்களுக்குக் கிடைத்திலது. மேலும், பெயரைத் தனித்தனியே எடுத்துப் பிரித்துப் பொருள் காணும் முறையே பெருவழக்காயுள்ளது. ஒரு வட்டாரத்துப் பெயர்களை ஒருங்கு வைத்து, ஒன்றனை மற்றொன்றாற் சோதித்தறியும் முறையே இங்கு மேற்கொள்ளப்படுகிறது.

நில அமைப்பு

மேற்றிசையில் ஏலமலை மதில்போல் நிற்கிறது. அதன் மேலைப் புறத்துச் சமதளம் கேரளத்து இடுக்கி மாவட்டத்தைச் சார்ந்தது. கீழைப் புறத்துச் செங்குத்தான சரிவும் அடிவாரமும் தமிழகத்தைச் சார்ந்தன. தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழையின் பெரும்பகுதி மேலைப் புறத்திலேயே பெய்தொழிகிறது. ஆதலின் மலைமுகட்டில் நிழலும் ஈரமும் நாடும் ஏலச்செடி தழைக்க, சில கல் தொலைவில் அடிவாரத்தே மானாவாரிப் புன்செய்கள் மழையை எதிர்நோக்கிக் கிடக்கின்றன. வடபால் குரங்கணி மலைப்பகுதியில் தோன்றும் கொட்டகுடியாறு வைகைத் தொகுதியைச் சேர்கிறது. தென்பால் கம்பம் பள்ளத்தாக்கில், 1895ஆம் ஆண்டு பெரியாற்று அணை நிறைவுற்ற பின்னர், மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு நன்செய்யைப் பெருக்கியது. இவ்விரு நீர்வளங்கட்கும் இடைப்பட்ட வறண்ட அடிவாரத்திலேயே சிலமலை, இராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை ஆகிய ஊர்கள் மலையோரச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்துள்ளன.

இந்நில வேறுபாடு பெயர்களிலும் புலப்படுகிறது. மலைமேல் உடும்பன்சோலை, பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு, புளியன்மலை எனச் சோலையும் பாறையும் மேடும் மலையுமே ஈற்றுச் சொற்களாய் வருகின்றன. அடிவாரத்திலோ பட்டி, புரம், ஊர், கோட்டை, பாளையம் என மாந்தர் குடியிருப்பைச் சுட்டும் சொற்களே மிகுதி. முன்னவை நிலத்தை நோக்கி இட்ட பெயர்கள். பின்னவை குடியை நோக்கி இட்ட பெயர்கள்.

தேவாரம் என்னும் பெயர்

இப்பெயர்க்கு மூவகை விளக்கம் கூற இயலும். திருமுறைப் பெயரே ஊர்க்கு ஆயிற்று என்பது முதலாவது. தேவர்க்குரிய வாரம், அஃதாவது கோயிலுக்குரிய விளைவுப்பங்கு, என்பது இரண்டாவது. வழிபாடு என்னும் பொருளுடைய பழஞ்சொல்லே ஊர்ப்பெயராயிற்று என்பது மூன்றாவது.

முதல் விளக்கம் ஏற்புடைத்தன்று. மூவர் பாடல்களைச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் 'திருப்பதியம்' என்றே குறிக்கின்றன. தேவாரம் என்பது அப்பாடல்களின் பெயராய் நிலைபெற்றது பிற்காலத்தே. அன்றியும், நூற்பெயர் ஊர்ப்பெயராதற்கு அவ்வூர்க்கும் அந்நூற்கும் சிறப்பான தொடர்பு ஒன்று வேண்டும். பாடல்பெற்ற பதி ஒன்றேனும் இல்லாத நாட்டில் அத்தொடர்பு காண்டல் அரிது.

இரண்டாம் விளக்கம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மேல்வாரம், குடிவாரம் முதலிய சொற்களில் வாரம் என்பது பங்கு என்னும் பொருளில் வழங்கக் காண்கிறோம். 'தேவவாரம்' என்பதில் ஒத்த ஒலியுடைய அசைகள் இரண்டு அடுத்து வரின் ஒன்று கெட்டுத் 'தேவாரம்' ஆதல் ஒலிநெறிக்கு முரணன்று.

மூன்றாம் விளக்கத்திற்குக் கல்வெட்டும் வழக்கும் ஒருங்கே துணை நிற்கின்றன. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு, அரசன் வழிபாட்டிற்குரிய திருமேனியைத் 'தேவாரதேவர்' எனக் குறிக்கின்றது. ஈண்டுத் தேவாரம் என்பது பாடலையன்று, வழிபாட்டையே உணர்த்துதல் வெளிப்படை. தமிழில் வழக்கிழந்த இப்பொருள், மலைக்கு அப்பாலுள்ள மலையாள மொழியில் இல்லத்து வழிபாடு என்னும் பொருளில் வழங்குகின்றது. தமிழகத்தின் பிற பகுதிகளில் திருமுறையின் பெருமை அச்சொல்லின் பழம்பொருளை மறைத்துவிட, மலையாளத்தில் அது மாறாது நின்றது. அம்மொழி வழங்கும் நாட்டை அடுத்து மலையடிவாரத்தே நிற்கும் இவ்வூரின் பெயரிலும் அப்பழம்பொருள் உறைந்து நின்றதெனக் கொள்ளுதல் பொருந்தும்.

வழிபாட்டைச் சுட்டும் சொல் ஊரைச் சுட்டுமோ எனின், சுட்டும். இதே மாவட்டத்தில் பெரியகுளம் வட்டத்தே தேவதானப்பட்டி உளது. இராசபாளையத்தை அடுத்துத் தேவதானம் என்றே ஓர் ஊர் உளது. கோயிற்கு விட்ட நிலத்தின் பெயர் அந்நிலத்திற் குடியேறிய ஊரின் பெயராயினமைக்கு இவை சான்று. அங்ஙனமே வழிபாட்டின் பொருட்டு ஒதுக்கிய நிலம் தேவாரம் எனப்பட்டுப் பின்னர் ஆகுபெயராய் ஊரைக் குறித்தது எனலாம். இரண்டாம் விளக்கமும் மூன்றாம் விளக்கமும் சொற்பிறப்பில் வேறுபடினும், கோயிலைச் சார்ந்த நிலத்தின் பெயர் என்னும் முடிவில் ஒன்றுபடுதல் நோக்கத்தக்கது. அவ்விரண்டனுள் மூன்றாவதே வலிமையுடைத்து. முன்னது ஒலித்திரிபு ஒன்றனைக் கொண்டுகூட்டியே நிற்பது, பின்னது இருந்த சொல்லை இருந்தவாறே கொள்வது.

அடிவாரப் பெயர்கள்

போடி வட்டாரத்தில் சிலமலை என்றோர் ஊரும், சிலமரத்துப்பட்டி என்றோர் ஊரும் உள. சிலமலை என்பதனைத் தனியே நோக்குவார் 'சில மலைகளையுடைய ஊர்' எனப் பொருள் கூறி அமைதல் கூடும். சிலமரத்துப்பட்டியையும் உடன்வைத்து நோக்கின் அவ்விளக்கம் நில்லாது. சில என்னும் பன்மைச் சொல் 'மரத்து' என்னும் ஒருமையோடு இயைந்து ஊர்ப்பெயராதல் இயல்பன்று. சிலை என்பது வில் செய்தற்குரிய ஒருவகை மரத்தின் பெயரென்றும், அம்மரத்தின் பெயரே வில்லுக்கு ஆகுபெயராயிற்றென்றும் உரையாசிரியர் கூறுவர். மலை 'மல' என்றும் தலை 'தல' என்றும் பேச்சு வழக்கில் ஐகாரம் குறுகுமாறு போலச் சிலை என்பதும் 'சில' என நின்றது போலும். சிலைமரத்தை உடைய பட்டி, சிலைமரம் செறிந்த மலை என இரு பெயரும் ஒருங்கே பொருள் பெறுகின்றன. அடுத்தடுத்த இரு பெயர்களை ஒரு விளக்கம் தாங்குமாயின் அதனையே சிறந்ததெனக் கோடல் ஆய்வு நெறியாகும்.

கோம்பை என்னும் பெயர் தன் வேட்டைநாய்களாற் புகழ்பெற்ற பாளையப்பட்டு ஒன்றன் பெயர். ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையிலும், திருச்சி, நாமக்கல் மாவட்டங்களின் மலையடிவாரச் சிற்றூர் பலவற்றிலும் இச்சொல் வருகின்றது. மலைகள் இருபுறமும் சூழ உள்வாங்கிக் கிடக்கும் இடத்தைக் குறிக்கும் மக்கள் வழக்கே இது. கொங்கு நாட்டினும் பாண்டி நாட்டினும் ஒருங்கு வழங்குதலின் இதனை ஒரு குடியினர்க்கே உரிய சொல் என்றல் சாலாது.

குரங்கணி என்னும் பெயரை இராமகாதையோடு சார்த்திக் குரங்குப்படை அணிவகுத்த இடம் என்பர். தூத்துக்குடி மாவட்டத்துக் குரங்கணிக்கும் இதே கதை வழங்குகின்றது. ஓர் ஊர்க்கு மட்டும் உரியதாய்க் கூறப்படும் நிகழ்ச்சி ஈரூர்க்கும் உரித்தாகக் கூறப்படின், கதை பெயரைப் பிறப்பித்ததோ பெயர் கதையைப் பிறப்பித்ததோ என ஐயுறல் வேண்டும். குரங்குதல் என்பதற்கு வளைதல் என்னும் பொருள் தமிழில் உண்டு. ஆறும் வழியும் வளைந்து செல்லும் மலையடியிடத்திற்கு அப்பொருள் பொருந்துவதாயினும், பொருத்தம் ஒன்றே சான்றாகாது. கதையைப் பெயர்க்காரணமாக ஏற்கலாகாது என்னும் அளவில் இங்கு அமைவோம்.

இராசிங்காபுரம் என்பதும் இத்தகையதே. சின்னமனூர்க் கோயில் பாண்டியன் இராசசிம்மன் பெயரால் இராசசிம்மேச்சுரம் எனப்பட்டமையின், இவ்வூர்ப்பெயரையும் 'இராசசிங்கபுரம்' என விரித்து அம்மன்னனோடு இணைக்க விழைவு தோன்றும். ஒலியளவில் தடையில்லை. ஆயினும் இராசசிங்கன் என்னும் பெயர் அரசர்க்கே உரியதன்று. பிற்காலத்துத் தலைவர் பலரும் அதனைப் பூண்டனர். இவ்விணைப்பைக் கருதுகோள் என்ற அளவில் நிறுத்துதலே முறை.

அரசர் இட்ட பெயரும் நிலம் இட்ட பெயரும்

பாண்டியர் காலத்தில் இப்பள்ளத்தாக்கு அளநாடு எனப்பட்டது. இன்றைய சின்னமனூர் அன்று அரிகேசரிநல்லூர். அரிகேசரி என்பது பாண்டியர் பூண்ட பெயர். சின்னமனூர்ப் பெரிய செப்பேடு, அளநாட்டு நற்செய்கைப்புத்தூர் என்னும் ஊர் மந்தரகௌரவமங்கலம் எனப் புதுப்பெயர் இடப்பட்டுப் பிரமதேயமாக வழங்கப்பெற்ற செய்தியைக் கூறுகின்றது. உத்தமபாளையத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. இத்துணைச் சிறப்புடன் எழுத்திலேறிய அளநாடும் அரிகேசரிநல்லூரும் மந்தரகௌரவமங்கலமும் இன்று மக்கள் வழக்கில் இல்லை.

இதற்கு மாறாக ஒரு பெயரைக் காண்போம். புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகல் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோட் பூசலில் வீழ்ந்த வீரனைக் குறிக்கின்றது. இவ்வகைக் கற்களுள் மிகப் பழையன என அறிஞர் மதிக்கும் தொகுதியுள் அது ஒன்று. கம்பத்தை அடுத்துக் கூடலூர் என்னும் பெயருடைய ஊர் இன்றும் உளது. நடுகல் சுட்டும் ஊர் அதுவேயென வற்புறுத்த வேண்டுவதில்லை. கூடுமிடத்தைச் சுட்டும் அவ்வெளிய பெயர் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இந்நிலத்தில் வழங்கியது, இன்றும் வழங்குகின்றது என்பதே நம் கருத்துக்குப் போதும். அரசன் ஆணையால் வந்த பெயர் அவ்வரசு மாறத் தானும் மாய்ந்தது. நிலத்தின் இயல்பால் வந்த பெயர் நிலம் உள்ளளவும் நின்றது.

நாயக்கர் காலத்துப் பாளையப்பட்டுகளின் பெயர்கள் இவ்விரண்டற்கும் இடைப்பட்டன. போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர், கண்டமநாயக்கனூர் என்பன தலைவர் பெயரோடு ஊர் என்னும் தமிழ் ஈறு பெற்றவை. அப்பெயர்கள் பாளையங்கள் ஒழிந்தும் நிலைத்தன. அவற்றைத் தாங்கியது ஆணையன்று. சந்தையும் வழியும் ஆகும். போடி எனச் சுருக்கி அழைக்கப்படும் அந்நகர் ஏலக்காய் வாணிகத்தின் நடுவிடமாய் இன்றும் விளங்குதலின் அதன் பெயர் நாளும் நாவில் வழங்குகின்றது. மேலச்சொக்கநாதபுரம் என்னும் பெயரோ மதுரைச் சொக்கநாதப் பெருமானையும் குறிக்கலாம், 1659 முதல் 1682 வரை ஆண்ட சொக்கநாத நாயக்கரையும் குறிக்கலாம். இறைபெயரும் அரசுபெயரும் ஒன்றாயவிடத்துப் பெயர் மட்டும் கொண்டு காலம் கணித்தல் இயலாது.

ஆங்கிலர் காலத்துப் பெயர்க்கு ஒரு சான்று காட்டலாம். மூணாற்றுத் தேயிலை, மலைமேல் அமைந்த சிறு இருப்புப்பாதை வழியே மலைவிளிம்பு வரை வந்து, அங்கிருந்து கம்பிவழியாகக் கொட்டகுடிப் பக்கம் இறக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அவ்விருப்புப்பாதை அழிந்தது. ஆயினும் மலைவிளிம்பு இன்றும் 'டாப் ஸ்டேசன்' எனவும், இடைவழிச் சிற்றூர் 'சென்ட்ரல்' எனவுமே வழங்குகின்றன. நிலையம் போயிற்று, நிலையத்தின் பெயர் ஊராய் நின்றது.

மெட்டும் மேடும்

இவ்வட்டாரத்துக்கே சிறப்பாய் உரியது மெட்டு என்னும் சொல். போடிமெட்டு, தேவாரம்மெட்டு, கம்பம்மெட்டு, சதுரங்கப்பாறை மெட்டு, சாக்கலூத்து மெட்டு எனப் பல பெயர்களில் இது வருகின்றது. அதே முகட்டில் இராமக்கல்மேடு, வண்டன்மேடு என மேடு என்னும் சொல்லும் வருகின்றது. மெட்டு என்பது மேடு என்பதன் திரிபே எனக் கூறி அமைவாரும் உளர். இரண்டும் ஒரே பொருளன ஆயின் ஒரே மலைத்தொடரில் அருகருகே இரு வடிவும் வேறாய் நிற்றல் எற்றுக்கு?

பெயர்களை நிரல்படுத்தி நோக்கின் வேறுபாடு புலனாகும். மேடு என முடிவன உயர்ந்த நிலத்தையும் அங்குள்ள குடியிருப்பையும் குறிக்கின்றன. மெட்டு என முடிவனவோ அடிவாரத்திலிருந்து ஏறிச்செல்லும் வழி மலைமுகட்டைத் தொடும் இடத்தைக் குறிக்கின்றன. தெலுங்கில் மெட்டு என்பது படி எனப் பொருள்படும். மெட்ட என்பது மேட்டு நிலம். கன்னடத்தில் மெட்டு என்பது அடிவைத்து மிதித்தலைக் குறிக்கும். இப்பள்ளத்தாக்கில் தமிழரோடு தெலுங்கும் கன்னடமும் பேசும் குடியினர் பல நூற்றாண்டுகளாய் உடன் வாழ்ந்து வருதல் அறிந்ததே. ஆகவே மேடும் மெட்டும் ஓரடியிற் பிறந்த திராவிடச் சொற்களாயினும், ஏறும் வழி என்னும் சிறப்புப்பொருள் அக்குடியினர் வழக்கால் இங்கு நிலைபெற்றது எனத் துணியலாம்.

இன்னும் ஒன்று. போடிமெட்டும் தேவாரம்மெட்டும் கம்பம்மெட்டும் மலைமேல் உள்ளவையேனும் மலையடி ஊர்களின் பெயரையே தாங்குகின்றன. பேரூரையும் சந்தையையும் இணைக்கும் பெருவழி அவ்வூர்ப் பெயரைப் பெற்றது. அடிவாரத்தார் மட்டுமே வழங்கிய சிறுவழியோ, சாக்கலூத்து, சதுரங்கப்பாறை என ஊற்றையும் பாறையையும் அடையாளமாகக் கொண்டது. ஏலம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைப் பொருளாய் இருந்த காலத்தும், பின்னர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தும், அரிசியும் ஆளும் மேலே சென்றதும் ஏலக்காய் கீழே இறங்கியதும் இவ்வழிகளிலேதான். பெயர்கள் அப்போக்குவரவின் பதிவேடு ஆகின்றன. சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டும் என்பது தேவாரம் பகுதி மக்களின் நெடுங்கால வேண்டுகோள். நேர்வழி சிறிதாயிருப்பவும், தோட்டத் தொழிலாளர் போடிமெட்டோ கம்பம்மெட்டோ சுற்றிச் செல்ல வேண்டியுள்ளது. பெயர் உண்டு, வழியும் இருந்தது, சாலை மட்டும் இல்லை.

பெயரும் எல்லையும்

1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல்நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுதியாய் வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு இணைந்தன. அவற்றைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டி நிகழ்ந்த கிளர்ச்சியும் அதன் துயரும் வரலாறு. அப்போது முதல் இம்மலைப் பெயர்களைக் கையாள்வோர் இரு திறத்தாராய்ப் பிரிந்தனர். ஒரு சாரார் எல்லாப் பெயரையும் தமிழெனக் காட்ட முயல்வர். மறுசாரார் எல்லாவற்றையும் மலையாளமாகக் காட்ட முயல்வர். உடும்பன்சோலை என்பதில் வரும் சோலை மலையாளத்தில் 'சோல' ஆகும். நெடுங்கண்டம் என்பதில் வரும் கண்டம் இரு மொழிக்கும் பொது. தமிழில் சின்னக்கானல் என எழுதப்படும் ஊர் மலையாளத்தில் கால்வாயைச் சுட்டும் 'கனால்' என்னும் ஆங்கிலச் சொற்போல எழுதப்படுகின்றது. ஒரே பெயரை இருவர் இருவகையாய்க் கேட்கின்றனர்.

உலகின் பிற பகுதிகளிலும் இந்நிலை உண்டு. பிரனீசு மலைத்தொடரில் ஆரான் பள்ளத்தாக்கு என்றோர் இடம் உளது. பாசுக்கு மொழியில் 'ஆரன்' என்பதே பள்ளத்தாக்கு எனப் பொருள்படும். இன்று அங்கு வழங்கும் மொழி பாசுக்கு அன்று. பழஞ்சொல்லின் பொருள் மறந்தமையால் 'பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்கு' என இருமுறை கூறுகின்றனர். பாசுக்கினத்து மொழி ஒருகாலத்து அங்கு வழங்கியது என்பதற்கு அப்பெயர் சான்று. ஆனால் இன்று அந்நிலம் எவர்க்குரியது என்னும் வழக்கிற்கு அது சான்றாகாது. ஏலமலைப் பெயர்கட்கும் இந்நெறியே ஏற்றது. பெயர், அங்கு நடந்தவர் எவர், பேசியவர் எவர் என்பதனைக் கூறும். உரிமைப் பத்திரமாய் நின்று சான்று பகராது.

இதனினும் கவலைக்குரியது வேறொன்றுண்டு. இம்மலைகளின் பழங்குடியினரான முதுவரும் மன்னானும் பளியரும் இட்ட பெயர்கள் இரு மொழியாரின் வழக்காட்டிலும் இடம்பெறவில்லை. முதுவர் தம்மை மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகிற் சுமந்து மலையேறியவர் எனக் கூறிக்கொள்வர். சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு, புளியன்மலை என்பவற்றில் 'அன்' என்பது சாரியையோ, ஆட்பெயர் ஈறோ என்பது இலக்கணத்தால் மட்டும் தீராது. அக்குடியினரின் வழக்கையும் நினைவையும் கேட்டறிந்தே தீர்க்கத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தேவாரம் என்னும் ஊர்ப்பெயர் திருமுறையிலிருந்து வந்ததன்று, வழிபாடு என்னும் பழம்பொருளினின்று வந்தது என்பதும், சிலமலையும் சிலமரத்துப்பட்டியும் மரப்பெயரால் அமைந்தன என்பதும், மெட்டு என்பது மேட்டின் வேறாய் ஏறுவழியைக் குறிக்கும் என்பதும், அரசர் பெயரினும் நிலப்பெயர் நெடிது வாழும் என்பதும் பெறப்பட்டன.

வருவாய்த்துறை ஏடுகளில் ஏறிய பெயர்கள் ஒருவாறு பிழைக்கும். ஏட்டிலேறாத ஊற்றுப் பெயர், பாறைப் பெயர், ஒற்றையடிப் பாதையின் பெயர் ஆகியவை அவ்வழியே நடந்தவர் நாவில் மட்டுமே உள. நடப்பவர் குறையுந்தோறும் அவையும் குறைகின்றன. இவ்வட்டாரத்தில் பிறந்த முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் எல்லைக்குட்பட்ட பெயர்களைப் பெரியோரிடம் கேட்டு, வழங்கும் ஒலியிலேயே எழுதி, இடத்தையும் உடன் குறித்து வைப்பாராயின், பின்வரும் ஆய்வாளர்க்கு அதனினும் சிறந்த கருவூலம் பிறிதில்லை.